புதுக் கமரா வாங்கிய பிள்ளைக்கு

பிள்ளை, கனடாவிலிருந்து மாமா அனுப்பிய கமரா வந்து சேர்ந்துவிட்டதாக உன் அம்மா சொன்னார். எந்த லென்ஸ் நல்லது, எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்பதையெல்லாம் கடைக்காரரும் யூடியூப்பும் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிற ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சொல்லமாட்டார்கள். நானும் என் கூட்டாளிகளும் நெடுங்காலம் விட்ட பிழைகளிலிருந்து பொறுக்கியவை இவை. கிழவன் அலட்டுகிறான் என்று நினைத்தாலும் குற்றமில்லை, வாசித்துவிட்டு நினை.

1. முதல் ஒரு மாதம் வளவை விட்டு வெளியே போகாதே. கசூரினாக் கடற்கரையும் நெடுந்தீவும் எங்கும் ஓடிப்போகாது. கிணற்றடியில் காலை வெயில் எந்தப் பக்கத்தால் விழுகிறது, மத்தியானம் நிழல் எங்கே ஒதுங்குகிறது, வேலிக் கதியாலுக்குச் செண்பகம் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார். பிறகு பனைக்குக் கீழே வந்து நில். பனை உழவாரன் என்றொரு சின்னப் பறவை இருக்கிறது. இறகுகளைத் தன் எச்சிலால் பனையோலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு வைக்கும். இரையைப் பறந்தபடியே பிடிக்கும். நிலத்தில் இறங்குவதே அரிது. எவ்வளவு பெரிய லென்ஸ் வைத்திருந்தாலும் தொடக்கத்தில் உனக்கு வெறும் வானந்தான் படமாக வரும். வரட்டும். வீட்டு முற்றத்துப் பறவையிடம் தோற்றுவிட்டு வெளியே போகிறவர்கள் கொஞ்சம் அடக்கத்தோடு போவார்கள்.

2. ஆறு மாதத்தில் இன்னொரு கமரா கேட்காதே. தமிழில் காட்டுயிர் பற்றி எழுதியவர்களில் முதல் வரிசையில் வைக்கவேண்டிய மா. கிருஷ்ணன் (1912–1996) ஒன்றின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று கைக்குக் கிடைத்த பாகங்களைப் பொருத்தித் தனக்கென்று ஒரு கருவியை அமைத்துக்கொண்டவர். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவர் நம்பியது கறுப்பு வெள்ளையைத்தான். அவருடைய யானைப் படங்களைத் தேடிப் பார். எடுத்தவருக்கு யானையின் குணம் தெரியும் என்பது பார்த்தவுடன் விளங்கும். என்ன கமரா என்று கேட்கவே தோன்றாது.

எங்களுக்கும் ஒரு காலம் இருந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். எங்கள் கமராக்களின் ஒளிமானி பற்றறியில்தான் இயங்கும். ஆனால் பழைய கமராக்களின் ஷட்டருக்குப் பற்றறி தேவையில்லை, முறுக்குக் கம்பியிலும் பற்சக்கரத்திலும் ஓடும். ஆகவே வெளிச்சத்தைக் கண்ணால் அளக்கப் பழகினோம். நல்ல வெயிலில் துவாரம் 16, நூறு வேக ஃபிலிமுக்கு ஷட்டர் ஒரு செக்கனில் 125இல் ஒரு பங்கு; வானம் மூடிக்கிடந்தால் துவாரத்தை 8க்குத் திற. இந்தக் கணக்கு இன்றைக்கும் பிழைக்காது. உன்னுடைய கமராவையும் ஒருநாள் மானுவலில் போட்டு, பின்திரையைப் பார்க்காமல் இப்படி எடுத்துப் பார். அன்றைக்குத்தான் வெளிச்சம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியத் தொடங்கும்.

3. நமது மண் தட்டை. மலை இல்லை, அருவி இல்லை. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் ஆறும் இல்லை. எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் போய் வந்தவர்கள் “யாழ்ப்பாணத்திலை என்னத்தைப் படமெடுக்கிறது?” என்று கேட்பார்கள். அவர்களோடு வாதாடாதே. தட்டை நிலத்தில் படத்தின் முக்கால்வாசி வானம். வானத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இங்கே வேலையில்லை. விடியல் வேண்டுமானால் மணற்காட்டுப் பக்கம் போ. பொழுதுபடுவது வேண்டுமானால் பண்ணைக்குப் போ, அல்லது காரைநகருக்கு. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிற நமக்கு மைம்மல் நீளாது. சூரியன் விழுந்து இருபது நிமிடம் சொச்சத்தில் நிறம் கலைந்துவிடும். வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தை நம்பி ஆறுதலாக வெளிக்கிட்டால், நீ போய்ச் சேரும்போது கடற்கரையில் கச்சான் விற்பவர் கடை கட்டிக்கொண்டிருப்பார்.

காற்றையும் படி. கடற்றொழிலாளருக்குச் சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் ஒவ்வொரு பெயர் உண்டு, ஒவ்வொரு பயமும் உண்டு. சோளகம் வீசுகிற மாதங்களில் மணல் பறக்கும். வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதே. வாடைக் காலத்தில் ஈரம். பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வை, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பாவி. கடற்கரைக்குப் போய் வந்த அன்றே உப்பைத் துடை. கருவியைப் பற்றி இவ்வளவு போதும்.

4. பூநாரையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும். ஏனென்றால் நீ முதலில் ஓடப்போவது அதனிடந்தான். மாரி மழை ஓய்கிற காலத்தில் மண்டைதீவுப் பக்கத்திலும் அரியாலை, தனங்கிளப்புப் பரவைக்கடலிலும் அவை வந்து இறங்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, சேற்று நீரை வடித்துச் சிற்றுயிர்களைத் தின்னும். அந்த இளஞ்சிவப்பும் தின்கிற தீனியில் வருகிற நிறந்தான். உடம்பு பாரமானது, எழும்புவதற்கு நீரின்மேல் ஓடவேண்டும். அந்த ஓட்டந்தான் வடிவான படம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே கல்லெறிகிறவர்களையும், கைதட்டிக் கலைக்கிறவர்களையும், ட்ரோனைத் தலைக்குமேல் விட்டு விரட்டுகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை கிளப்பிவிட்டால் அவை தின்று சேர்த்த பலத்தை அங்கேயே செலவழிக்கின்றன. திரும்பத் திரும்பக் கிளப்பினால் அந்த இடத்தையே விட்டுவிடும். நாளைக்கு அதே இடத்துக்குக் கமராவோடு வரப்போகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நீ விட்டுவைத்தது வெறும் தண்ணீர்.

தெற்கே புந்தலவில் ஒருகாலத்தில் பெருங்கூட்டமாகப் பூநாரைகள் இறங்கின. வயல்களின் கழிவுநீர் களப்புக்குள் வந்து உப்புக் குறைந்தது. அவற்றின் தீனியும் போனது. அவையும் அப்படிக் கூட்டமாக வருவதை நிறுத்திக்கொண்டன. பறவைக்கு ஊர்ப்பற்று என்று ஒன்றில்லை. இங்கே வருவது நாம் கொடுத்துவைத்ததால் வருவது.

கிட்டப் போகும் முறையையும் சொல்கிறேன். பண்ணைத் தெருவில் பஸ்ஸும் சைக்கிளும் போகும், கொக்கும் நாரையும் அசையாது. நீ இறங்கி நேராக அவற்றை நோக்கி நடந்தால் மட்டும் எழும்பும். ஆகவே நேரே நடக்காதே. ஓரிடத்தில் இரு. பதறாத காரியம் சிதறாது என்று நம்மவர்கள் சொன்னது இதற்கும்தான். தீனி தேடிக்கொண்டே அவை உன்பக்கம் நகரும். நகராவிட்டால் தொலைவில் நிற்கிற கூட்டத்தையும் பெரிய வானத்தையும் சேர்த்து எடு. காலில் வளையம் தெரிந்தால் அதிலுள்ள எழுத்து விளங்கும்படி ஒரு படம் எடு, அது எவ்வளவு அசிங்கமாக வந்தாலும். எங்கிருந்து புறப்பட்ட பறவை என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதிலிருந்து கண்டுபிடிப்பார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 தொடக்கம் சனவரி மாதங்களில் நடந்துவருகிறது; அதில் எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் உன்னையும் என்னையும் போன்ற தொண்டர்கள்தான். திகதியும் இடமும் எழுதிய உன் சாதாரணப் படம் அவர்களுக்கு உதவும்.

5. கூட்டைப் படம் எடுக்காதே. எடுத்தாலும் இடத்தைச் சொல்லாதே. குஞ்சு வடிவாகத் தெரியவேண்டுமென்று மறைத்திருந்த இலையைக் கிள்ளிவிட்டு எடுத்த படம் ஒன்றைப் பலபேர் பாராட்டியதைப் பார்த்தேன். இலை போனபின் வெயிலும் காகமும் அந்தக் குஞ்சை என்ன செய்திருக்கும் என்று அந்தப் படம் சொல்லவில்லை. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015இல் தேசிய பூங்காவான இடம். அங்கே உள்ள சட்டம் உன் வளவு மாமரத்துக்கும் உண்டென்று வைத்துக்கொள்.

6. ஆட்களைப் படமெடுக்க முன் கதை. குருநகரிலும் பாசையூரிலும் விடியக் கரைக்குப் போனால் வள்ளங்கள் வந்து ஒதுங்கும், வலையிலிருந்து நண்டு கழற்றுவார்கள், ஏலம் கூறுவார்கள். பார்க்கிற பக்கமெல்லாம் படம். தூரத்தில் நின்று நீள லென்ஸால் களவாக எடுக்கத் தோன்றும். எடுக்காதே. “அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ?” என்று கேள். ஒருமுறை அப்படிக் கேட்டபோது வலை கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிராமலே சொன்னார்: “எடு மோனை, எத்தினை பேர் எடுத்துக்கொண்டு போகினம். ஒருத்தரும் திரும்பிக் கொண்டுவந்து காட்டேல்லை.” அடுத்த கிழமை அச்சிட்டுக் கொண்டுபோனேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று மேலும் இரண்டு பிரதி கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கரையில் எனக்கு ஒரு இடம் இருந்தது. நான் கமராவை எடுப்பதை யாரும் கவனிப்பதில்லை. நீள லென்ஸ் தராத நெருக்கம் அது.

வேண்டாம் என்று ஒருவர் கையசைத்தால் அத்தோடு விடு. காரணம் கேட்காதே. இந்த ஊரில் படம் எடுக்கப்படுவதற்குப் பயப்படக் காரணமுள்ளவர்கள் நிறையப்பேர். விவரம் தெரிந்த வீட்டில் வளர்ந்த உனக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

7. எந்த மண்ணில் நிற்கிறாய் என்று கேட்டுத் தெரிந்துகொள். மணற்காட்டில் மணல்மேடும் சவுக்கங்காடும் மணலில் புதைந்த அந்தோனியார் கோயிலின் இடிபாடும் உண்டு; மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும், கலியாணம் நல்ல காரியம். ஆனால் அங்கிருந்து உடுத்துறை வரைக்கும் 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்த கரை. உடுத்துறை நினைவாலயத்தில் பெயர்களை வாசிக்காமல் பின்னணிக்காக மட்டும் சுவரைப் பயன்படுத்துகிறவர்களை அங்குள்ளவர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

செம்மணி வெளியும் அப்படித்தான். மாலையில் உப்பு நீரில் வானம் விழும், கொக்குகள் நிற்கும், மிக வடிவான இடம். 1998இல் முதன்முதலாகப் புதைகுழி பற்றிய பேச்சு எழுந்ததும் அங்கேதான். 2025இல் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புகளும் வெளிவந்தன. அங்கே கொக்கைப் படமெடுக்காதே என்று நான் சொல்லவில்லை, நானே எடுத்திருக்கிறேன். எடுக்கிறபோது அது எந்த இடம் என்று தெரிந்து எடு. படத்துக்குக் கீழே ‘அமைதியின் சொர்க்கம்’ என்று எழுதாதே.

முகமாலைப் பக்கம் போனால் சிவப்புப் பலகையும் மண்டையோட்டுப் படமும் தெரிகிற இடத்துக்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதே. போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் அங்கே மிதிவெடி அகற்றும் வேலை நடந்தது. நல்ல கோணம் எப்போதும் பலகைக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

8. முகாம், துறைமுகம், விமான நிலையம் இவற்றின் பக்கம் கமராவை உயர்த்தாதே. ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எடு. கோயில் வீதியில் தேர்த் திருவிழாவை எடுக்கலாம். உள்ளே வேண்டாம் என்று எழுதியிருந்தால் கமராவைப் பைக்குள் வை. கும்பிடுகிறவர்களின் முகத்துக்கு முன்னால் நின்று மறிக்காதே. அவர்கள் நேர்த்தி வைத்து வந்தவர்கள், உனக்கு இன்னொரு நாள் இருக்கிறது.

9. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போ. நெடுந்தீவை எடுத்துக்கொள். குறிகட்டுவானில் வள்ளமேறி ஒரு மணித்தியாலம் போல. எல்லோரும் ஒருநாள் பயணமாகப் போய், பெருக்குமரத்தடியில் ஒன்று, முருகைக்கல் வேலியில் ஒன்று, குதிரைகளோடு ஒன்று என்று எடுத்துக்கொண்டு பின்னேரத்துக்குள் திரும்பிவிடுவார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை. மாரி முடிந்து புல் தழைத்திருக்கும் நாளில் பார்த்தால் யாரும் ஆசைப்படுவார்கள். கோடையில் போய்ப் பார். குளங்கள் வற்றி நிலம் வெடித்திருக்கும். விலா எலும்பு தெரிகிற குதிரைகள் நீர் தேடி அலையும். ஒரு கடும் வறட்சியில் அவற்றைக் கண்ட என் கூட்டாளி, கமராவை வைத்துவிட்டு ஊரவர்களோடு சேர்ந்து தொட்டிக்குத் தண்ணீர் காவினார். அன்றைக்கு அவரிடம் படம் இல்லை. நெடுந்தீவைப் பற்றி எங்களில் ஆகக் கூடத் தெரிந்தவர் அவர்தான். பச்சையையும் வறட்சியையும் இரண்டையும் எடுத்தால்தான் நெடுந்தீவை எடுத்ததாகும்.

10. கணினியில் நிறத்தைக் கூட்டுவதற்கு ஒரு எல்லை வை. வெளிச்சம் குறைந்ததைச் சரிசெய், சரிந்த கடலை நிமிர்த்து. வெளிறிய பூநாரையைச் செம்பருத்தியாக்காதே. இல்லாத நிலவை இருந்ததாக வைக்காதே. விருப்பம் போடுகிறவர்கள் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்; வளவில் நின்று அந்தப் பறவையை உண்மையாகப் பார்த்த ஒருவர் உன் படத்தைப் பார்த்துச் சிரிப்பார். அவருடைய மதிப்பைத் தேடு.

11. கூட்டாளிகளோடு போ. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றி நின்றால் நீ தள்ளிப்போய் எதிர்ப்பக்கம் பார். மற்றவர் எடுத்தது உன்னுடையதைவிட நன்றாக இருந்தால் வாய்திறந்து சொல். நமது ஊரில் இது கொஞ்சம் குறைவு. கள்ளமில்லாமல் ஒருவரைப் பாராட்டிய நாளில் உனக்கும் ஒரு நல்ல படம் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய எனக்கு முடியாது. நித்திரை நன்றாக வரும், அது நிச்சயம்.

12. கடைசியாகச் சொல்வதை முதலில் செய். படங்களை அச்சிடு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் என்னென்ன போயின என்று படித்திருப்பாய். 1995 ஒக்டோபர் 30 இரவு போர் துரத்த ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதியும் நகையும் எடுத்தவர்களில் பலர் அல்பத்தை விட்டுவிட்டு வந்தார்கள். சிலர் நகையை விட்டு அல்பத்தைக் காவிக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் போனபோது முதலாமவர்களுக்குத் தங்கள் பெற்றோரின் முகமே இல்லை. இன்று உன் கைபேசியில் ஆயிரக்கணக்கில் படம் கிடக்கிறது. அது தண்ணீரில் விழுந்தால் உன் நிலையும் அதுதான். இரண்டு பிரதி வை, இரண்டு வீட்டில் வை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நமது பழைய நூல்களையும் ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. உன் பாட்டியின் றங்குப்பெட்டியில் இருக்கிற பழைய படங்களை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டு.

அச்சிட்ட ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் எழுது: யார், எங்கே, எந்த நாள், எந்தக் காற்று. பெரியம்மாமார் இருக்கும்போதே கேட்டுப் பழைய படங்களின் பின்னும் பெயர்களை எழுதிவிடு. உன் அம்மாவின் அலுமாரியில் பச்சை மட்டை அல்பம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கலியாணக் கூட்டத்தில் பாதிப் பேரை இன்றைக்கு அடையாளம் சொல்லக்கூடியவர்கள் நானும் உன் பெரிய அத்தையுந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. கமராவையும் கொண்டு வா, பார்ப்போம்.